அத்தைக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்த கதை

எங்கள் அத்தை ஒரு முடிச்சைப் போட்டுவிட்டால் அதை அவிழ்க்க இரண்டே வழிதான் உண்டு. ஒன்று கத்திரிக்கோல். இன்னொன்று அத்தை.

இது வீட்டுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்ளும் பேச்சு இல்லை. மலேசியாவின் சிகாமட்டில், தாமான் என்று சொல்லும் எங்கள் குடியிருப்பில், அந்த வரிசை வீடுகளில் இருந்த அத்தனை பேரும் ஒப்புக்கொண்ட உண்மை. பின்னால் இருந்த செம்பனைத் தோட்டத்திலிருந்து குரங்குகள் கூட்டமாக இறங்கி வந்து எல்லா வீட்டுக் குப்பைத் தொட்டிகளையும் கவிழ்த்துப் பார்க்கும். அத்தை வீட்டுத் தொட்டியை மட்டும் சுற்றி உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் போய்விடும். மூடியை ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் அத்தை கட்டியிருந்த கட்டு அப்படி. குப்பை லாரிக்காரர்களும் அதே மாதிரி யோசித்துவிட்டுப் போய்விடுவது உண்டு. அந்த வாரம் அத்தை வீட்டுக் குப்பை அத்தை வீட்டிலேயே இருக்கும்.

ஒரு வருடம் ஆற்று வெள்ளம் வீடுகளுக்குள் வந்தது. எங்கள் வரிசையில் கேஸ் சிலிண்டர்கள் படகு மாதிரி மிதந்து போய்விட்டன. எங்களுடையதை அப்பா மறுநாள் யார் வீட்டு வாழைத்தோப்பிலோ கண்டுபிடித்துத் தூக்கி வந்தார். அத்தை வீட்டு சிலிண்டர் மட்டும் சன்னல் கம்பியோடு கட்டியபடி நின்ற இடத்திலேயே நின்றது. தண்ணீர் வடிந்ததும் முதல் தேத்தண்ணி கொதித்தது அங்கேதான். அதிலிருந்து அத்தைக்குத் தன் முடிச்சுகளின்மேல் வந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தக் கர்வத்துக்குத் தினமும் பலியானது என் தலை. அம்மா விடியும் முன்பே தொழிற்சாலை பஸ் ஏறிவிடுவார். அடுத்த வரிசையில் இருந்த அத்தைதான் எனக்குத் தலைவாரி, இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் கட்டித் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புவார். அத்தை இழுக்கிற இழுப்பில் என் புருவம் இரண்டும் மேலே ஏறிக்கொள்ளும். பகல் முழுக்க எதையோ கண்டு வியந்தவள் போலவே வகுப்பில் உட்கார்ந்திருப்பேன். பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியை ஒருநாள் நடுவில் நிறுத்தி, "இதுல ஆச்சரியப்பட என்னம்மா இருக்கு?" என்று கேட்டார். சாயங்காலம் வேலையிலிருந்து வந்த அம்மா, ஊசி முனையால் அந்த முடிச்சுகளைக் குடைந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சோடு கத்திரிக்கோலை எடுப்பார். என் பிள்ளைப்பருவத்தில் நான் பயன்படுத்திய ரிப்பனை ஒட்டுப்போட்டால் தூரத்து ஊரான யோங் பெங் வரை போகும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அத்தை பிறப்பால் சீனப் பெண். ஊருக்கே தெரியும். ஒன்பது வயது வரைக்கும், அதற்குப் பிறகும் கொஞ்ச காலத்துக்கு, எனக்கு மட்டும் தெரியாது.

அந்தக் காலத்தில் அது அதிசயமும் இல்லை. பெண் பிள்ளைகள் அதிகமாகிவிட்ட சீனக் குடும்பங்கள், பிறந்த குழந்தையைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்களிடம் கொடுத்துவிடுவது உண்டு. ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்தால் வயிற்றில் பிள்ளை தங்கும் என்று இவர்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. தாத்தா வீட்டில் வெகுநாள் தொட்டில் கட்டவில்லை. கம்பம் என்று சொல்லும் பக்கத்துச் சீனக் கிராமத்திலிருந்து அத்தையைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார்கள். நம்பிக்கை பொய்க்கவில்லை. அப்பா பிறந்தார், ரொம்ப வருடம் கழித்துச் சித்தப்பாவும் பிறந்தார். "நான் வந்து கதவத் தொறந்து வச்சதாலதான் லா நீங்க ரெண்டு பேரும் உள்ள வந்தீங்க" என்று அத்தை தம்பிகளை மிரட்டுவார். நான் அதை ஏதோ வீட்டுக் கதவு என்றே நினைத்திருந்தேன்.

எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்கலாம். பிறந்ததிலிருந்து பார்க்கிற முகத்தில் என்ன தெரியும்? அத்தை நல்ல சிவப்பு. அப்பா நல்ல கறுப்பு. மாமாவுக்கு, அதாவது அத்தையின் கணவருக்கு, வழுக்கை. உலகம் பலவிதம் என்று விட்டுவிட்டேன். பசாரில் காய்கறிக்காரர் அத்தையைப் பார்த்ததும் சீன மொழியில் ஆரம்பிப்பார். அத்தை அவருக்கு மலாயில் பதில் சொல்லிவிட்டு, அவர் சொன்ன விலையைத் தமிழில் திட்டுவார். அந்தத் திட்டுக்கு ஈடு இணை கிடையாது. தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர்களிடம் நேரடியாகக் கற்றது. சீனப் பெருநாள் வந்தால் வயதான ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து ஒரு பெட்டி ஆரஞ்சை வைத்துவிட்டு, உட்காராமல் போய்விடுவார். தீபாவளிக்கு அத்தை மாமா கையில் அவருக்கு ஒரு டின் முறுக்கு கொடுத்து அனுப்புவார். எல்லா அத்தைகளுக்கும் இப்படி ஒரு ஆரஞ்சுக்காரர் இருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒன்பது வயதானபோது சித்தப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் யோங் பெங்கில், மருத்துவமனையில் மிஸ்ஸி, அதாவது நர்ஸ் வேலை. சிரித்த முகம். பெண் பார்க்கப் போனபோது என் ரிப்பனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "யாரு கட்டிவிட்டது? எங்க வார்டுல கட்டுப் போடவே வரச் சொல்லலாமே" என்றார். எனக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துப்போனது.

நம் கல்யாணங்களில் மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சு மட்டும்தான் போடுவார். அடுத்த இரண்டு முடிச்சும் மாப்பிள்ளையின் சகோதரி, பெண்ணுக்கு நாத்தனார், போடவேண்டியது. அம்மா கழுத்தில் அப்படி முடிச்சுப் போட்டது அத்தைதான். அம்மா தாத்தா இருந்த அதே தோட்டத்துப் பெண் என்பதால் அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. சித்தப்பாவையோ அத்தை இடுப்பிலேயே வைத்து வளர்த்தவர். நிச்சயமான வாரமே நாத்தனார் முடிச்சுக்கென்று ஊதா நிறத்தில் ஒரு பட்டுப் புடவை எடுத்துவிட்டார். அலமாரியைத் திறந்து தினம் ஒருமுறை அதைத் தொட்டுப் பார்ப்பதும், தொட்டதை யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தார்.

கல்யாண ஏற்பாடு பேச யோங் பெங்கிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் பெண்ணின் பெரியப்பா. வெள்ளைச் சட்டை, விபூதி, சட்டைப்பையில் இரண்டு பேனா. ஊரில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் முறை சொல்ல அவரைத்தான் கூப்பிடுவார்களாம். அதை அவரே சொன்னார். அத்தை அடுப்படியில் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தார். நான் அடுப்படித் திரைக்குப் பின்னால், அதிரசத் தட்டுக்குப் பக்கத்தில், அதாவது வீட்டிலேயே மிகச் சிறந்த இடத்தில் இருந்தேன்.

மண்டபம், மேளம், சாப்பாடு எல்லாம் பேசி முடித்த பிறகு பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

"நாத்தனார் முடிச்சு யாரு போடுறது?"

"எங்க அக்காதான்" என்றார் அப்பா, இதில் கேட்க என்ன இருக்கிறது என்கிற குரலில்.

பெரியப்பா சட்டைப்பையிலிருந்த பேனாவைச் சரிசெய்துகொண்டார். பிறகு பெரியப்பா மெதுவாக, யாருக்கும் வலிக்கக் கூடாது என்கிற மாதிரி, ரொம்ப வலிக்கும்படி சொன்னார். "அவங்களக் குத்தம் சொல்லல. நல்லவங்கதான். ஆனா முடிச்சுப் போடுற விஷயம் பாருங்க, உங்களுக்கே தெரியும். எங்க பக்கம் நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. வேற யாராச்சும், உங்க சொந்தத்துல, ஒன்னுவிட்ட தங்கச்சி மாதிரி இருந்தா அவங்கள வச்சுப் போட்டுறலாமே."

திரையை விலக்கிக்கொண்டு அத்தை தேத்தண்ணித் தட்டோடு சரியாக அப்போதுதான் கூடத்துக்குப் போனார். எல்லாம் கேட்டிருக்கும். நான் காதைப் பொத்திக்கொண்டேன். காய்கறிக்காரர் கொத்துமல்லிக்குக் கூடுதலாகக் கேட்டதற்கே அவருடைய மூன்று தலைமுறையை இழுத்தவர் அத்தை. பெரியப்பாவின் கதி என்ன ஆகுமோ என்று இருந்தது.

"ஆறிடும், குடிங்க" என்றார் அத்தை. அவ்வளவுதான். திரும்பி அடுப்படிக்கு வந்து, காலியான பால் சட்டியைக் கழுவ ஆரம்பித்தார். கழுவிய சட்டியையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஸ்கூடாயில் இருக்கும் அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை முடிச்சுப் போடுவது என்றும், எங்கள் அத்தை விளக்குப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பது என்றும் முடிவானது. சித்தப்பா முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. கல்யாணமே வேண்டாம் என்று எழுந்தார். அத்தைதான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

அத்தை ஏன் முடிச்சுப் போடக் கூடாது? வீட்டில் யாரைக் கேட்டாலும் "போய் விளையாடு" என்றார்கள். கேட்கவே தேவையில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. காரணம் என் தலையிலேயே இருந்தது. "முடிச்சுப் போடுற விஷயம் பாருங்க, உங்களுக்கே தெரியும்." எங்களுக்குத் தெரியாதா என்ன? குரங்குக்கே தெரியும். அத்தை போடுகிற முடிச்சின் இறுக்கம் யோங் பெங் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. பாவம் அந்த மிஸ்ஸி, கழுத்து வலிக்காதா? பெரியப்பா பயந்ததில் என்ன தப்பு? எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. இது சுலபமாகச் சரிசெய்யக் கூடிய காரியம், பெரியவர்கள் வீணாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் என் பொம்மையையும் ஒரு பந்து ராஃபியா கயிற்றையும் எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தை வாசலில் கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு, கையில் வேலை எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அத்தை அப்படிச் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மாமா பக்கத்தில் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குடி கயிறு?"

"உங்களுக்கு முடிச்சுப் போடச் சொல்லித் தர."

"யாரு, எனக்கா?"

"ஆமா அத்தை. அவங்க ஏன் உங்கள வேணாம்னு சொன்னாங்க தெரியுமா?"

மாமாவின் கை மோட்டார்மேல் அப்படியே நின்றது. அத்தை என்னைப் பார்த்தார். "ஏன் சொன்னாங்க?" என்றார். குரலே அவருடையதாக இல்லை.

"நீங்க போடுற முடிச்சு ரொம்ப டைட்டு. அந்த மிஸ்ஸிக்குக் கழுத்து வலிக்கும்ல. லூசாப் போடக் கத்துக்கிட்டீங்கன்னா ஒன்னும் சொல்ல மாட்டாங்க."

அத்தை என் கையிலிருந்த பொம்மையைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் நாற்காலி குலுங்கியது. முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். மாமா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த கண்ணாடியை ரொம்ப நேரம் துடைத்தார்.

"ஆமா லா" என்றார் அத்தை கடைசியில். "அதுதான். வேற என்ன இருக்கப்போவுது. சரி டீச்சர், சொல்லிக் குடு."

கல்யாணம் வரைக்கும் சாயங்காலம்தோறும் வகுப்பு நடந்தது. நான் பொம்மையின் கழுத்தில் கயிற்றைப் போட்டுப் பிடித்துக்கொள்வேன். அத்தை முடிச்சுப் போடுவார். ஒழுங்காகத்தான் ஆரம்பிப்பார். கடைசி நொடியில் பழக்க தோஷம், கை தானாக ஒரு இழுப்பு இழுத்துவிடும். பொம்மையின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது சாய்ந்ததுதான், பிறகு நிமிரவே இல்லை. "அலமாக், டீச்சர், செத்துருச்சு போல" என்பார் அத்தை. நான் இடுப்பில் கை வைத்து, எங்கள் ஆசிரியை மாதிரியே, "கவனம் எங்க இருக்கு?" என்று கேட்பேன். அத்தை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மறுபடி போடுவார். ஒருநாள் நிஜமாகவே ஒரு தளர்ந்த முடிச்சு வந்தது. நான் ஊதினேன், அவிழ்ந்துவிட்டது. இரண்டு பேரும் கைதட்டிக்கொண்டோம். அன்றைக்கு அத்தை எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் சம்பளம் அதுதான் என்று சொல்லலாம்.

கல்யாண நாள் வந்தது. சிகாமட் கோயில் மண்டபம் நிறைந்துவிட்டது. ஸ்கூடாய் அத்தையைத்தான் காணவில்லை. ஜாமில் மாட்டிக்கொண்டாராம். முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஓடி வந்து சேர்ந்தார். அழகு நிலையம் நடத்துகிறவர். பத்து விரலிலும் ஒட்டு நகம், நகத்துக்கு நகம் சின்னச் சின்னக் கல். மணமேடையில் நின்று அவர் கையை அசைத்தால் சுவரில் வெளிச்சப் பொட்டுகள் ஓடின. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். எங்கள் அத்தை ஊதாப் பட்டு கட்டி, கையில் விளக்கோடு, மணப்பெண்ணுக்குப் பின்னால் ஒரு ஓரமாக நின்றார். பக்கத்தில் பெரியப்பா, எல்லாம் முறைப்படி நடக்கிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

மேளமும் நாதஸ்வரமும் ஒன்றாகக் காதைப் பிளந்தன. சித்தப்பா முதல் முடிச்சைப் போட்டார். ஆளாளுக்கு அட்சதையை வீசினார்கள். ஸ்கூடாய் அத்தை குனிந்து இரண்டாவது முடிச்சைப் பிடித்தார்.

மஞ்சள் அப்போதுதான் தேய்த்த ஈரக் கயிறு. அது வழுக்கியது. நகம் ஒரு பக்கம் போக, கயிறு இன்னொரு பக்கம் போனது. பிடித்தார், நழுவியது. மறுபடி பிடித்தார், மறுபடி நழுவியது. மேளக்காரர் அங்கே பார்த்துக்கொண்டே அடித்தார். நாதஸ்வரக்காரரின் கன்னம் இரண்டும் பலூனாகிக் கண்கள் வெளியே வந்தன. முடிச்சு விழாமல் எப்படி நிறுத்துவது? அட்சதை எல்லார் கையிலும் தீர்ந்துபோய், வெறும் கையை வீசிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு நகம் பட்டென்று பெயர்ந்து மணப்பெண்ணின் பூச்சடைக்குள் விழுந்தது. "அலமாக்!" என்று அக்கினி சாட்சியாகக் கத்தினார் ஸ்கூடாய் அத்தை.

"சீக்கிரம்மா, முகூர்த்தம் முடியப்போவுது" என்று பெரியப்பா பதறினார். விபூதி வியர்வையில் கரைந்து மூக்கில் வழிந்தது. "யாராச்சும் ஒழுங்கா முடிச்சுப் போடத் தெரிஞ்சவங்க இல்லையா?"

நான் நாற்காலிமேல் ஏறி நின்றேன்.

"எங்க அத்தை போடுவாங்க! அவங்க போட்டா அப்புறம் கத்திரிக்கோல் வச்சு வெட்டுனாத்தான் வரும்!"

தாலி கட்டுகிற நேரத்தில் சொல்லவே கூடாத சொற்கள் சில உண்டு. அதில் கத்திரிக்கோலும் வெட்டும் முதல் இரண்டு இடத்தில் இருக்கின்றன என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. மண்டபம் 'ஐயோ' என்றது. அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் கல்யாணத்துக்குப் பிறகும் பல நாள் நீலமாக இருந்தது. யாரோ ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மணப்பெண்ணின் குனிந்த தோள்கள் குலுங்கின. "அழுவுது பாரு, பாவம்" என்றார்கள் பின்னால். நான் நின்ற உயரத்திலிருந்து பக்கவாட்டில் அவர் முகம் தெரிந்தது. அவர் சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு, தலையை நிமிர்த்தாமல், மேளத்தையும் மீறிக் கேட்கிற குரலில் சொன்னார். வார்டில் நோயாளியை அதட்டிப் பழகிய குரல் அது.

"அண்ணி, நீங்க வந்து போடுங்க. நீங்க போட்டாத்தான் நான் எந்திரிப்பேன்."

எங்கள் அத்தை அசையவில்லை. அவர் பெரியப்பாவைப் பார்த்தார். எல்லாரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். நாதஸ்வரக்காரர் கெஞ்சுகிற கண்ணோடு பார்த்தார். பெரியப்பா மூக்கில் வழிந்த விபூதியைத் துடைத்தார்.

"இத கொஞ்சம் புடிங்க" என்று அத்தை விளக்கை அவர் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தார்.

கண் மூடித் திறப்பதற்குள் இரண்டு முடிச்சும் விழுந்தன. கடைசி இழுப்பை நான் பார்த்தேன். பொம்மைகளுக்கு மட்டுமே புரியக்கூடிய இழுப்பு. மேளம் நின்றது. நாதஸ்வரக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். பெரியப்பாவோ, நாத்தனார் பிடிக்க வேண்டிய விளக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மணமக்களுக்குப் பின்னால் பயபக்தியாக நின்றார். அவரிடமிருந்து அதை வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சடங்கு முடியும்வரை அவரே பிடித்திருந்தார். கல்யாண ஆல்பத்தில் இன்றைக்கும் அப்படித்தான் நிற்கிறார். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயரை இங்கே எழுதினால் மரியாதையாக இருக்காது.

சாப்பாட்டுப் பந்தியில் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "லூசாத்தானே போட்டீங்க?"

"மறந்துட்டேன் டீச்சர்" என்றார் அத்தை, என் இலையில் இன்னொரு வடையை வைத்து.

அதன் பலன் பிறகு தெரிந்தது. கொஞ்ச நாள் கழித்து, மஞ்சள் கயிற்றைப் பிரித்துத் தங்கச் சங்கிலியில் தாலியைக் கோர்க்கிற சடங்கு யோங் பெங்கில் பெண் வீட்டில் நடந்தது. நாங்களும் போயிருந்தோம். சுமங்கலிகள் உள்ளே சித்தியாகிவிட்ட மிஸ்ஸியைச் சுற்றி உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்கள். முதலில் நகத்தால், பிறகு ஊசியால், பிறகு தேங்காயெண்ணெய் விட்டு. கத்தி படக் கூடாது. வெளியே பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். நல்ல நேரம் கரைந்துகொண்டிருந்தது. அத்தை கூப்பிடாத இடத்துக்குப் போகக் கூடாது என்று வாசலிலேயே நாற்காலியில் என்னோடு உட்கார்ந்து, எனக்கு ரம்புத்தான் பழம் உரித்துத் தந்துகொண்டிருந்தார்.

உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்த பெரியப்பா அத்தை முன்னால் வந்து நின்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சம்பந்தி" என்றார். அதுவரை அவர் அத்தையை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. "சம்பந்தி, கொஞ்சம் உள்ள வாங்க. உங்களால மட்டும்தான் ஆவும்."

அத்தை எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு, கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவியபடி உள்ளே போனார். "இதுக்குத்தான் லா நான் லூசாப் போடப் படிச்சேன், எங்க டீச்சர் சரியில்ல" என்று போகிற போக்கில் அவரிடம் சொன்னார். பெரியப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சிரித்துவைத்தார். எனக்கு மட்டும் அது அநியாயமான பேச்சாகப் பட்டது. நான் ஒழுங்காகத்தான் சொல்லித் தந்திருந்தேன்.

இடைநிலைப் பள்ளியில் சேர்ந்த புதிதில் ஒருநாள் அத்தை மோட்டாரில் என்னை அழைத்துப்போக வந்திருந்தார். புதுத் தோழி ஒருத்தி பார்த்துவிட்டு, "உங்க அத்தை சீனவங்களா?" என்று கேட்டாள். "உனக்குத்தான் கண்ணு சரியில்ல" என்று அவளோடு சண்டை போட்டுவிட்டு மோட்டாரில் ஏறினேன். வழி முழுக்க முன்னால் இருந்த காதையும் கழுத்தையும் பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் இறங்கியதும் கேட்டே விட்டேன்.

"ஆமா" என்றார் அத்தை, ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியில் மாட்டிக்கொண்டே. "அதுக்கென்ன இப்ப? பசிக்குதா?"

பசித்தது. சாம்பாரும் கருவாட்டுப் பொரியலும். நாலு வாய் சாப்பிட்ட பிறகுதான் பெரியப்பாவின் அன்றைய பேச்சு ஒவ்வொரு சொல்லாக என்னிடம் வந்து சேர்ந்தது. குத்தம் சொல்லல. உங்களுக்கே தெரியும். உங்க சொந்தத்துல வேற யாராச்சும். தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அத்தை என் எதிரில் உட்கார்ந்து, மிச்சமிருந்த அப்பளப் பாக்கெட்டின் வாயை ராஃபியா கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். இனி அதைத் திறக்க அவரைத்தான் கூப்பிட வேண்டும்.

இப்போது ஸ்கூடாயில் என் மகள் பள்ளியில் பண்பாட்டு நாள் வந்தால் பிள்ளைகள் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு போகிறார்கள். 'நாம் யார்' என்று மேடையில் யாராவது நீட்டி முழக்குவார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு அத்தை வீட்டு வாசல்தான் நினைவுக்கு வருகிறது. தன்னை ஏன் ஒதுக்கினார்கள் என்று அத்தைக்கு முதல் சொல்லிலேயே தெரியும். பிறப்பை அவர் என்ன செய்து மாற்ற முடியும்? நான் கொண்டுபோன காரணத்தில் மாற்றுவதற்கு ஒன்று இருந்தது. அதனால்தான் அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். அந்தச் சாயங்காலங்களில் அவர் முடிச்சுப் போடப் படிக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது. கழுத்து சாய்ந்த பொம்மையைப் பிடித்துக்கொண்டு, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"இன்னும் கொஞ்சம் லூசா, அத்தை. இன்னும் கொஞ்சம்."